ஒரே பந்தியும் உண்மை வாழ்வும்

சமய வாழ்வில் மெய்ம்மை என்பது யாது? கூட்டு வாழ்வு என்பது யாது? இவ்விரண்டும் தம்முள் முரண்படுவனவா, அன்றி ஒன்றையொன்று தாங்கி நிற்பனவா? கிறிஸ்தவ நெறியை முன்னிட்டு இவ்வினாக்களைச் சற்றே ஆராய்வோம். பிற சமயத்தைச் சார்ந்த அன்பர்களுக்கும் இவை தொடர்பற்றன அல்ல என்பது போகப் போக விளங்கும்.

மெய்ம்மை உள்ளத்தைப் பற்றியது. அதனை அளக்கப் பிறரால் இயலாது என்பர் ஒரு சாரார். சமயம் என்பதே கூடி வழிபடுவதும் கூடி விழாக் கொண்டாடுவதுந்தான். உள்ளத்தை யார் கண்டார் என்பர் மற்றொரு சாரார். விவிலியத்தின் புதிய ஏற்பாடு இவ்விரு சாராரோடும் உடன்படவில்லை. உள்ளத்தின் உண்மை வெளிப்படும் இடமே கூட்டு வாழ்வு என்பது அதன் முடிபு.

எருசலேமில் முதன்முதல் தோன்றிய திருச்சபையில் அடியார்கள் தம் உடைமைகளைப் பொதுவில் வைத்து, அவரவர் தேவைக்கேற்பப் பகிர்ந்துகொண்டனர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூல் கூறுகிறது. அவர்களுள் அனனியா என்பவரும் அவர் மனைவி சப்பீராளும் தம் நிலத்தை விற்று, விலையில் ஒரு பகுதியை மறைத்து வைத்துக்கொண்டு, எஞ்சியதை முழுத்தொகைபோலக் கொணர்ந்து வைத்தனர். அவர்களைப் பேதுரு கடிந்தது பணத்தைக் கொடாமைக்காக அன்று. நிலமும் அவர்களுடையது, விற்ற பணமும் அவர்களுடையது என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். பாதியைக் கொடுத்துவிட்டு முழுமை என்று காட்டியதே குற்றமாயிற்று. தம்மோடு கூடி வாழ்வோரிடம் வேடம் புனைவது கடவுளிடமே பொய்யுரைப்பதாகும் என்பது அங்கே உணர்த்தப்படும் பொருள்.

இன்னுமொரு நிகழ்ச்சி அந்தியோகியா நகரில் நடந்தது. அங்கே யூதரல்லாத கிறிஸ்தவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் அஞ்சி விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் நேருக்கு நேர் கண்டித்தார். இச்செய்தியைப் பவுலே கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் குறித்திருக்கிறார். பேதுருவின் கொள்கையில் மாற்றம் இல்லை. உடன் உண்பவர்தாம் மாறினர். எனினும், பந்தியை விட்டு எழுந்ததே கொள்கையை விட்டு எழுந்ததற்கு ஒப்பாகும் எனப் பவுல் கருதினார்.

தமிழகத்துத் திருச்சபைகளின் வரலாற்றிலும் இப்பந்தி வினா மீண்டும் மீண்டும் எழுந்திருக்கிறது. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வடக்கன்குளத்து ஆலயத்தில், ஒரு சாதியார் மற்றொரு சாதியாரோடு கலவாதபடி இடையே சுவர் நின்றது. பலிபீடம் ஒன்றே, அதனை நோக்கி மண்டியிட்டோர் ஒருவரையொருவர் காணாதிருந்தனர். 1910ஆம் ஆண்டில் அச்சுவர் அகற்றப்பட்டது. அதனை எதிர்த்து எழுந்த வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஆலயத்தில் சாதியின் பெயரால் தனியிடம் கோரும் உரிமையை மன்றம் ஏற்கவில்லை. சுவரின் இருபுறத்தும் பக்திக்குக் குறைவில்லை. வழிபாடு முறைப்படியே நடந்தது. ஆயினும், ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று வாய் சொல்லிய மொழியை அச்சுவர் நாடோறும் மறுத்து நின்றது என்க.

இனி, அதற்கு மாறானதொரு முயற்சியைக் காண்போம். வடஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த திருப்பத்தூரில், 1921ஆம் ஆண்டில் கிறிஸ்துகுல ஆசிரமம் நிறுவப்பெற்றது. நிறுவியோர் இருவர்: தமிழரான சவரிராயன் ஜேசுதாசன், ஸ்காத்லாந்தியரான எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். இருவரும் மருத்துவர்கள், இருவரும் மணம் புரியாதவர்கள். அவர்கள் கதர் உடுத்தினர். எளிய உணவு கொண்டனர். நோயுற்ற ஏழைகளுக்கு மருத்துவம் செய்தனர். அவர்கள் எழுப்பிய ஜெபாலயம் தென்னாட்டுக் கோயிற் சிற்பமுறையில் அமைந்தது.

இப்புறக்கோலங்களைக் கண்டு, இஃது இந்தியருக்கு உகந்த வேடமேயன்றி வேறென்ன என்று ஐயுறுவோர் இருக்கலாம். ஐயம் நியாயமானதே. கோபுரம் கட்டுவதால் மட்டும் மெய்ம்மை வந்துவிடாது. காவியோ கதரோ உடுப்பதாலும் வந்துவிடாது. அவ்வாசிரமத்தின் மெய்ம்மையை வேறிடத்தில் தேடவேண்டும். ஜேசுதாசன் அங்கே பெரியண்ணன் என்றும், பேட்டன் சின்னண்ணன் என்றும் அழைக்கப்பெற்றனர். வெள்ளையர் ஆண்டுகொண்டிருந்த நாளில், சமய நிறுவனங்களிலும் வெள்ளையரே தலைமை தாங்கிய நாளில், செல்வக் குடும்பத்தில் பிறந்த ஒரு வெள்ளையர் ஒரு தமிழருக்குத் தம்பியானார்! உறவுச்சொல் ஒன்றில் அவர்தம் கொள்கை முழுவதும் அடங்கிவிட்டது. ஆசிரமத்தின் பெயரும் எண்ணத்தக்கது. குலம் என்னும் சொல் நம் நாட்டில் மக்களைப் பிரிப்பதற்கே பெரிதும் வழங்கி வந்தது. அதே சொல்லை எல்லோரையும் சேர்ப்பதற்கு அவர்கள் எடுத்தாண்டனர்.

அந்த உறவுக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1932ஆம் ஆண்டில், சட்டமறுப்பு நாளில், கதராடையோடு சென்னைத் தெருவில் நின்ற பேட்டனைப் போலீசார் தாக்கினர். இதுபற்றிப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் கேள்வி எழுந்தது. ஆட்சியாளரின் நிறத்தைப் பெற்றிருந்தும் அவர் ஆளப்படுவோரின் அடியைத் தாங்கினார். வேடமாயின் அவ்விடத்திலேயே களைந்திருக்கலாம், அவர் களையவில்லை.

இவற்றையெல்லாம் தலைநகரில் வாழும் தமிழர்க்கு எடுத்துரைப்பானேன் என்று கேட்கலாம். காரணம் உண்டு. லக்ஷ்மிபாய் நகர் போன்ற அரசினர் குடியிருப்புகளில் வீடு ஒதுக்கப்படுவது பெரும்பாலும் சம்பள நிலையையும் பணிமூப்பையும் நோக்கியே. நம் அயலாரை நாம் தெரிந்தெடுப்பதில்லை. அவர்கள் நமக்குத் தரப்படுகிறார்கள். 1923ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று லக்ஷ்மிபாய் நகரிலேயே உண்டு. அங்கே பிள்ளைகள் ஒரே பெஞ்சியில் அமர்ந்து ஒரே பாடத்தைப் படிக்கின்றனர். ஊரில் நூறாண்டு முயன்றும் எய்தற்கரியதாயிருந்த நிலை, இங்கே உத்தியோகத்தின் பயனாக எளிதில் கிட்டியிருக்கிறது.

ஆனால் எளிதில் கிட்டியதை எளிதில் இழக்கவும் கூடும். ஊரை விட்டு வந்தோர் தம் மொழியில் வழிபடவும், திருநாளன்று முறுக்கும் அதிரசமும் பகிர்ந்துகொள்ளவும் விரும்புவது இயல்பு. அதில் குற்றமில்லை, தாய்மொழியில் அன்றி மனம் நெகிழாது. தமிழ் ஆராதனை முடிந்தவுடன் புதியவரிடம் "எந்த ஊர்?" என்று கேட்கிறோம். அது பாசத்தின் கேள்வி. அதனையடுத்து, "அங்கே எந்தத் தெரு? யார் வகை?" என்று குரல் தாழ்த்திக் கேட்போமாயின், அது வேறு கேள்வி. வடக்கன்குளத்தில் இடிக்கப்பட்ட சுவரை ஆயிரத்தைந்நூறு மைலுக்கு இப்பால் நாமே செங்கல் செங்கலாக அடுக்கத் தொடங்குகிறோம் என்பதே அதன் பொருள்.

அச்சுவர் கண்ணுக்குப் புலனாவது திருமண அழைப்பிலும் இறப்பு நேர்ந்த வீட்டிலுமே ஆகும். ஞாயிறுதோறும் அருகமர்ந்து பாடியவரை விருந்துக்கு அழையாது விடுத்தால், பாடியதன் பொருள் யாது? துயருற்ற குடும்பத்தின் வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பஞ்சாபியர் தேநீரோடு வந்து நிற்கும்போது, ஒரே சபையார் "நம்மவர் அல்லர்" என்று காலந்தாழ்த்தினால், எவர் செயலில் கிறிஸ்து நெறி விளங்கிற்று? மெய்ம்மையை அளக்கும் கோல் இத்தகைய நாட்களில்தான் நம் கையில் தரப்படுகிறது.

எனவே, உண்மைக் கிறிஸ்தவன் யார் என்னும் வினாவுக்கு விடைகாண உள்ளத்தைத் துருவவேண்டுவதில்லை. அவன் யாரோடு உண்கிறான், யாருக்குத் தம்பியாக இருக்க இசைகிறான் என்று நோக்கினாற் போதும். இந்த அளவுகோல் கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதன்று. பொங்கற் பானையைச் சுற்றிக் கூடுவோர்க்கும், பஜனை மடத்தில் கூடுவோர்க்கும், நோன்புக் கஞ்சி பகிர்வோர்க்கும் இதுவே பொருந்தும். அடுத்த விழாவுக்கு அழைப்பு அனுப்பும்போது பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். அதில் இடம் பெறாத அயலார் பெயர் ஒன்றேனும் இருக்குமாயின், அதனை முதலில் எழுதுவோம்.