எஸ்.இ.லினக்ஸ் இயங்கும் வழங்கிகளில் கண்காணிப்பு மென்பொருள் நிறுவுதல்

கண்காணிப்பு மென்பொருள் என்பது ஒரு வழங்கியின் நிலையை இடைவிடாமல் கவனித்து, கோளாறு தெரிந்தவுடன் நிர்வாகிக்கு அறிவிக்கும் நிரலாகும். நாகியோஸ், சாபிக்ஸ், புரோமிதியஸ் ஆகியவை பரவலாகப் பயன்படும் கட்டற்ற கண்காணிப்பு மென்பொருள்கள். வட்டில் எவ்வளவு இடம் மிச்சம், எந்தச் செயல்முறை ஓடுகிறது, பதிவுக் கோப்பில் என்ன பிழை வந்துள்ளது என்று இவை எல்லா இடத்திலும் எட்டிப் பார்க்க வேண்டும். பாதுகாப்பு இறுக்கப்பட்ட வழங்கியோ, எந்த நிரலும் தன் வேலைக்கு வெளியே எதையும் தொடக்கூடாது என்று அமைக்கப்பட்டது. சாதாரணக் கணினியில் பத்து நிமிடத்தில் முடியும் நிறுவல் இங்கே "அனுமதி மறுக்கப்பட்டது" என்று நின்றுவிடுவது இதனால்தான். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பலவும் "முதலில் எஸ்.இ.லினக்ஸை அணைத்துவிடுங்கள்" என்றே தொடங்குகின்றன. அதை அணைக்காமல் நிறுவும் வழியை, ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ், ஆல்மா லினக்ஸ், ராக்கி லினக்ஸ் ஆகிய ஒரே குடும்பத்து இயங்குதளங்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

எஸ்.இ.லினக்ஸ் எப்படி இயங்குகிறது

அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கிய எஸ்.இ.லினக்ஸ், 2000 டிசம்பரில் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. 2003இல் லினக்ஸ் கருனியின் 2.6 பதிப்பில் சேர்ந்தது. வழக்கமான யூனிக்ஸ் முறையில் ஒரு கோப்பை யார் படிக்கலாம், எழுதலாம் என்பதை அதன் உரிமையாளர் முடிவு செய்கிறார். ரூட் பயனருக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கும். எஸ்.இ.லினக்ஸ் அதற்கு மேல் இன்னொரு சோதனையை வைக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும், போர்ட்டுக்கும், ஓடும் செயல்முறைக்கும் ஒரு லேபிள் உண்டு. எந்த லேபிள் கொண்ட செயல்முறை எந்த லேபிள் கொண்ட பொருளை என்ன செய்யலாம் என்று கொள்கையில் எழுதியிருந்தால் மட்டுமே அனுமதி கிடைக்கும். கேட்பவர் ரூட்டாக இருந்தாலும் இந்தச் சோதனை உண்டு.

இதற்கு மூன்று நிலைகள் உள்ளன. முதல் நிலையில் விதி மீறல் தடுக்கப்படும். இரண்டாம் நிலையில் மீறல் அனுமதிக்கப்படும், ஆனால் பதிவு செய்யப்படும். மூன்றாவது, முழுவதும் அணைந்த நிலை. இந்த மூன்றாம் நிலைக்குப் போனால் திரும்பி வருவது எளிதன்று. அணைந்திருந்த காலத்தில் உருவான கோப்புகளுக்கு லேபிள் இருக்காது. மீண்டும் இயக்கும்போது வட்டு முழுவதற்கும் லேபிள் இட வேண்டிவரும்.

கண்காணிப்பவரை ஏன் கண்காணிக்க வேண்டும்

பார்த்துச் சொல்வது மட்டும்தானே அதன் வேலை, அதற்கு ஏன் கட்டுப்பாடு என்று கேட்கத் தோன்றும். நாகியோஸின் தொலைநிலை முகவரான என்.ஆர்.பி.இ. இதற்கு நல்ல விடை. இது 5666ஆம் போர்ட்டில் காத்திருந்து, மைய வழங்கி கேட்கும்போது ஒரு கட்டளையை இயக்கி அதன் விடையை அனுப்புகிறது. அதாவது, வெளியிலிருந்து வரும் கோரிக்கைக்காக வழங்கிக்குள் கட்டளை இயக்கும் நிரல் இது. கோரிக்கையோடு அளபுருக்களையும் ஏற்க வேண்டுமானால் அமைப்புக் கோப்பில் 'டோன்ட் பிளேம் என்.ஆர்.பி.இ.' என்ற தெரிவை இயக்க வேண்டும். "பிறகு என்.ஆர்.பி.இ.யைக் குறை சொல்லாதே" என்பதே அதன் பொருள். எழுதியவர்கள் வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தாலும் எச்சரிக்கை உண்மையானது. இத்தெரிவு இயக்கப்பட்டிருந்தால், அளபுருவுக்குள் புதுவரிக் குறியைச் செருகித் தாம் விரும்பிய கட்டளையைத் தொலைவிலிருந்து இயக்க முடியும் என்ற ஓட்டை 2014இல் வெளியானது.

அப்படி ஒருவர் உள்ளே நுழைந்தாலும், என்.ஆர்.பி.இ.க்கென எஸ்.இ.லினக்ஸ் வகுத்த வட்டத்துக்குள்தான் அவரால் நடமாட முடியும். கடவுச்சொல் கோப்பை அவரால் படிக்க இயலாது. நிறுவல் எளிதாக வேண்டும் என்று எஸ்.இ.லினக்ஸை அணைப்பவர், தாக்குபவருக்கு மிகவும் பிடித்த நிரலை நிறுவும் அன்றே அதைச் சுற்றியிருந்த வேலியையும் பிடுங்கிவிடுகிறார்.

கையால் ஓடும், சேவையாக ஓடாது

புரோமிதியஸுக்கு வழங்கியின் அளவீடுகளைத் தரும் 'நோட் எக்ஸ்போர்ட்டர்' ஒரே ஒரு இயங்கு கோப்பாகக் கிடைக்கிறது. நிர்வாகி அதைத் தன் இல்லக் கோப்புறையில் பதிவிறக்கி, விரித்து, 'எம்.வி.' கட்டளையால் நிரல்களுக்கான பொதுக் கோப்புறைக்கு நகர்த்துகிறார். சிஸ்டம்டி சேவையாக அமைத்துத் தொடங்கினால் பிழை எண் 203 வருகிறது. கோப்பின் அனுமதிகள் சரி, உரிமையாளர் சரி. முனையத்தில் கையால் இயக்கினாலோ சிக்கலே இல்லாமல் ஓடுகிறது! மாணவர்கள் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

காரணம் லேபிள். பதிவிறக்கியபோது அந்தக் கோப்புக்கு 'பயனரின் இல்லக் கோப்பு' என்ற லேபிள் கிடைத்தது. 'எம்.வி.' கட்டளை கோப்பைப் பழைய லேபிளோடே நகர்த்தும். 'சி.பி.' கொண்டு நகலெடுத்திருந்தால் புதிய கோப்புறைக்கு உரிய லேபிள் வந்திருக்கும். இல்லக் கோப்பு ஒன்றை இயக்க சிஸ்டம்டிக்குக் கொள்கையில் அனுமதி இல்லை. நிர்வாகியின் முனையம் கட்டுப்பாடற்ற வட்டத்தில் இருப்பதால் அதற்குத் தடையில்லை. தீர்வு ஒரு வரிதான்: 'ரெஸ்டோர்கான்' கட்டளையை அந்தக் கோப்பின் மீது இயக்கினால், அது இருக்கும் இடத்துக்குரிய லேபிள் திரும்பக் கிடைக்கும். கோப்பு வழக்கத்துக்கு மாறான இடத்தில்தான் இருக்க வேண்டுமென்றால், முதலில் 'செமானேஜ்' மூலம் அந்த இடத்துக்கு லேபிளை வரையறுத்துவிட்டுப் பிறகு இதைச் செய்ய வேண்டும்.

இப்படித் தொடங்கிய நோட் எக்ஸ்போர்ட்டர், தனக்கெனக் கொள்கை இல்லாததால், கட்டுப்பாடற்ற சேவைகளின் வட்டத்தில்தான் ஓடும். ஆகவே அதற்கென உரிமை குறைந்த ஒரு பயனர் கணக்கை உருவாக்குவதும், 9100ஆம் போர்ட்டை மைய வழங்கிக்கு மட்டும் தீயரணில் திறப்பதும் தேவை. தனியாக அமைத்தாலன்றி அது யாரிடமும் கடவுச்சொல் கேட்பதில்லை.

மறுப்பைப் படித்து அனுமதி தருதல்

எஸ்.இ.லினக்ஸ் தடுத்தது எதுவும் பெரும்பாலும் தணிக்கைப் பதிவில் இருக்கும். எந்த நிரல், எந்த லேபிளோடு, எந்தப் பொருளை, என்ன செய்ய முயன்றது என்பது ஒரே வரியில் கிடைக்கும். 'ஏயூசர்ச்' கட்டளையால் அந்த வரிகளைத் தேடி எடுக்கலாம். சில மறுப்புகளைப் பதிவே செய்ய வேண்டாம் என்று கொள்கை சொல்லியிருப்பதும் உண்டு. பதிவில் ஒன்றுமில்லை, நிரலும் ஓடவில்லை என்றால், 'செமாட்யூல்' கட்டளையால் அந்த மௌனத்தைத் தற்காலிகமாக நீக்கிப் பார்க்க வேண்டும்.

காரணம் தெரிந்தபின், முன்பே எழுதிவைத்த பொத்தான் இருக்கிறதா என்று தேடுவது நல்லது. சாபிக்ஸ் இதற்கு எடுத்துக்காட்டு. அதன் வலைப்பக்கம் "சாபிக்ஸ் வழங்கி இயங்கவில்லை" என்று காட்டும். உண்மையில் அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். வலை வழங்கி சாபிக்ஸின் 10051ஆம் போர்ட்டோடு பேசுவதை எஸ்.இ.லினக்ஸ் தடுத்ததன் விளைவு அது. இதற்கென்றே ஒரு பூலியன் தெரிவு உள்ளது. 'செட்செபூல்' கட்டளையால் அதை நிரந்தரமாக இயக்கினால் போதும்.

பொத்தான் இல்லாதபோதுதான் 'ஆடிட்2அலவ்' தேவைப்படும். இது மறுப்புகளைப் படித்து, அவற்றை அனுமதிக்கும் கொள்கைத் துண்டை எழுதித் தரும். அதன் வசதியே அதன் ஆபத்து. பதிவில் உள்ள எல்லா மறுப்பையும் கேள்வியின்றி அனுமதியாக்கும். அவற்றில் ஒன்று உண்மையான ஊடுருவல் முயற்சியாக இருந்தால் அதற்கும் சேர்த்து வழிவிடும். எழுதித் தந்ததை வரிவரியாகப் படித்து, வேண்டாததை நீக்கிய பிறகே ஏற்ற வேண்டும். மறுப்புகளைச் சேகரிக்க வழங்கி முழுவதையும் தளர்த்தவும் தேவையில்லை. என்.ஆர்.பி.இ. வட்டத்தை மட்டும் 'பதிவு செய், தடுக்காதே' என்ற நிலைக்கு மாற்ற 'செமானேஜ்' இடம் தருகிறது. ஒரு நாள் ஓடவிட்டு, எல்லாச் சோதனைகளும் ஒருமுறையாவது நடந்தபின், அந்தத் தளர்வை மறக்காமல் நீக்கிவிட வேண்டும்.

பிழையே காட்டாத தவறுகள்

வெளிப்படையாகத் தடுக்கப்படும் நிரலைவிட, பாதி மட்டும் பார்க்கும் நிரல் மோசமானது. இங்கே எஸ்.இ.லினக்ஸ் மட்டுமன்றி மற்ற இறுக்கங்களும் காரணமாகின்றன. செயல்முறைகளின் விவரம் உள்ள 'புரோக்' கோப்பு முறைமையை 'ஹைட்பிட்' தெரிவோடு ஏற்றியிருந்தால், ஒரு பயனருக்குப் பிறருடைய செயல்முறைகள் கண்ணில் படா. தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் செயல்முறைகள் பூச்சியம் என்று முகவர் எண்ணிச் சொல்லும். சேவைக் கோப்பில் 'புரொடெக்ட்ஹோம்' இயக்கப்பட்டிருந்தால் இல்லக் கோப்புறைகள் இருக்கும் வட்டு அதற்குத் தெரியாது. அந்த வட்டு நிரம்பினாலும் எச்சரிக்கை வராது.

ஆகவே நிறுவல் முடிந்தபின் முனையத்தில் ரூட்டாக இயக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது. மைய வழங்கியிலிருந்தே ஒவ்வொரு கேள்வியையும் கேட்டு, வரும் விடையை வழங்கியின் உண்மை நிலையோடு ஒப்பிட வேண்டும். பயன்பாட்டுக்கு வருமுன் ஒரு சேவையை வேண்டுமென்றே நிறுத்தியும், ஒவ்வொரு வட்டுப் பகிர்விலும் பெரிய கோப்பு ஒன்றை இட்டு நிரப்பியும், எச்சரிக்கை வருகிறதா என்று பார்க்கலாம். கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து இதையே திரும்பச் செய்தால், நிரந்தரமாக்காமல் விட்ட அனுமதிகளும் வெளிப்படும்.