திருச்சியும் பலாலியும்: வானவழித் தூரமும் பிரயாண நேரமும்

கீழ்வேளூரிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 114 கிலோமீட்டர். திருச்சி விமான நிலையமும் நமக்கு நேர் மேற்கே ஏறத்தாழ அதே தூரத்தில்தான் இருக்கிறது. ஆயினும் விமானத்தில் யாழ்ப்பாணம் போக விரும்பும் நம் பகுதியினர் முதலில் மேற்கே திருச்சிக்குச் சென்று, பின்னர் தென்கிழக்கே பறக்க வேண்டும். இத்தகைய பிரயாணத்தின் நேரத்தைக் கணக்கிடும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய வழி, புதிய வழி

பலாலி வானவழி புதியதன்று. 1947 டிசம்பர் 10-ஆம் நாள் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குப் பறந்தது. இலங்கையில் நிகழ்ந்த போரினால் இத்தொடர்பு நெடுங்காலம் அற்றுப்போயிற்று. 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது; அடுத்த மாதமே சென்னையிலிருந்து விமானங்கள் வரத் தொடங்கின. திருச்சி–யாழ்ப்பாணம் சேவை 2025 மார்ச் 30-ஆம் நாள் தொடங்கப்பெற்றது.

இருபது நிமிடம் ஒரு மணியாவது ஏன்?

திருச்சிக்கும் பலாலிக்கும் இடையே வானவழித் தூரம் சுமார் 184 கிலோமீட்டர். இத்தகைய குறுகிய வழிகளில் செல்லும் சுழல்விசிறி விமானம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அக்கணக்கில் 22 நிமிடங்கள் போதும். ஆனால் அட்டவணை சுமார் 1 மணி நேரம் என்கிறது.

களத்திலிருந்து நெல் மூட்டைகளைக் கொள்முதல் நிலையத்திற்குக் கொண்டுபோகும் வண்டியை எண்ணிப் பாருங்கள். சாலையில் ஓடும் நேரம் மட்டுமா கணக்கு? களத்து மேட்டிலிருந்து சாலையேறுவதற்கும், நிலைய வாசலில் நுழைந்து நிற்பதற்கும் நேரம் வேண்டுமல்லவா? விமானமும் அவ்வாறே. நின்ற இடத்திலிருந்து நகர்ந்து ஓடுபாதையை அடைதல், மெல்ல மேலேறுதல், வேகத்தைக் குறைத்து இறங்குதல், இறங்கியபின் நிற்குமிடம் சேர்தல் ஆகிய அனைத்தும் அட்டவணை நேரத்தில் அடங்கும். வழி குறுகியதாயின், முழு வேகத்தில் பறக்கும் நேரமும் குறைவே.

வீட்டு வாசலிலிருந்து எண்ணுக

கீழ்வேளூரிலிருந்து திருவாரூர், தஞ்சாவூர் வழியே திருச்சி விமான நிலையம் சேர ஏறக்குறைய 3 மணி நேரம். வெளிநாட்டுப் பிரயாணத்திற்கு முன்கூட்டியே ஆஜராக 3 மணி நேரம். விமானத்தில் 1 மணி நேரம். சோதனைகள் முடிந்து யாழ்ப்பாண நகர் சேர மேலும் 1 மணி நேரம். ஆக மொத்தம் 8 மணி நேரம். பயணச்சீட்டில் கண்ட ஒரு மணியை மட்டும் நம்பிப் புறப்படுவோர் விமானத்தைத் தவறவிட்டு, கட்டணத்தையும் இழக்க நேரிடும்.

கப்பல் வழியையும் இவ்வாறே ஒப்பிடலாம். 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் தொடங்கப்பெற்றது. கடலில் ஏறக்குறைய 4 மணி நேரம் ஆயினும், துறைமுகம் நமக்கு மிக அருகில் உள்ளது. ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் சீற்றத்தால் அவ்வழி தடைப்படுவதுண்டு.

ஆகவே, உறவினர் திருமணத்திற்கோ துக்கத்திற்கோ விரைந்து செல்வோர் பஞ்சாயத்து அலுவலகத்தில் யோசனை கேட்டால், உறுப்பினர்கள் இம்முழுக் கணக்கையும் எடுத்துரைக்க வேண்டும். பாஸ்போர்ட் செல்லுபடியாகிறதா, அன்று சேவை உண்டா என்பவற்றை முன்னதாகவே விசாரித்தறியச் சொல்வதும் நலம். இலங்கையிலும் நம் கடிகார நேரமே வழங்குவதால், அதில் மட்டும் கூட்டவோ கழிக்கவோ வேண்டியதில்லை.