ஒரு துணி... நடுவுல ஓட்டை!

போன வருஷம் கல்சுரல்ஸ். ரூம்மேட்டோட பெட்ஷீட்டை நடுவுல கத்தரிச்சு, தலையை நுழைச்சு, வாயில ஒரு குச்சி... 'நான்தான் கிளின்ட் ஈஸ்ட்வுட்'னு மேடை ஏறினேன். விசில் பறந்துச்சு பாஸ்! ஆனா, நான் பண்ணது எவ்ளோ பெரிய தப்புன்னு அப்புறம்தான் புரிஞ்சது. (ரூம்மேட் கதறினது தனிக்கதை!)

1964-ல் வந்த 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' படத்துல ஈஸ்ட்வுட் மாட்டியிருந்தாரே, அதுக்குப் பேர் போன்ச்சோ. ஹீரோ அமெரிக்கர், டைரக்டர் இத்தாலிக்காரர், ஷூட்டிங் ஸ்பெயின். போன்ச்சோவுக்கோ சொந்த ஊர் தென் அமெரிக்கா!

இன்ஜினீயரிங் பார்ட்டிகளே, இங்க கவனிங்க. ஆண்டீஸ் மலை நெசவாளர்கள் துணியை நெய்துட்டு வெட்டுறதில்லை. தேவையான அளவைத் தறியிலேயே முடிவு பண்ணி, நாலு பக்கமும் கரையோட நெய்வாங்க. அப்படி ரெண்டு துண்டைச் சேர்த்துத் தைச்சு, தலை நுழையற இடத்தை மட்டும் தைக்காம விட்டுடுவாங்க. அவ்ளோதான்! பட்டன் இல்லை, கை இல்லை, துளி வேஸ்ட் இல்லை. கத்தரிக்கோலுக்கும் வேலை இல்லை. குதிரையில போனா கோட்டு, ராத்திரி படுத்தா போர்வை. அர்ஜென்டினாவின் மாடு மேய்க்கும் காவ்ச்சோக்கள், கத்திச் சண்டையில அதையே இடது கையில சுத்திக்கிட்டா... கேடயம்!

சரி, பேர் எப்படி வந்துச்சு? அதுல பஞ்சாயத்து. சிலி, அர்ஜென்டினாவில் வாழும் மப்புச்சே மக்கள் மொழியில 'பொந்த்ரோ'ன்னா கம்பளிப் போர்வை. அதான் மூலம்னு ஒரு கட்சி. இல்லை, கெச்சுவா மொழிதான்னு இன்னொரு கட்சி. மப்புச்சே மக்களோ இந்த உடுப்பைச் சொல்றது 'மகுஞ்'னு! உலகம் கூப்பிடுற பேர் ஒண்ணு, நெய்யறவங்க கூப்பிடுற பேர் வேற.

சில மகுஞ்களில் படிக்கட்டு படிக்கட்டா ஒரு சிலுவை வடிவம் இருக்கும். நமக்கு அது 'சூப்பர் டிசைன்'. அவங்களுக்கு அது 'லொங்கோ' எனப்படும் தலைவரின் மதிப்பைச் சொல்ற அடையாளம். அதையே மெஷின்ல அடிச்சுக் கடையில தொங்கவிட்டா, அடையாளம் வெறும் டிசைன் ஆயிடுதே!

போன்ச்சோ போடாதீங்கன்னு சொல்லலை ஃப்ரெண்ட்ஸ். தாராளமா போடுங்க. 'இது யாரோடது?'ன்னு ஒரு தடவை கேட்டுட்டுப் போடுங்க. நான் கேட்காம, கத்தரிக்கோலை எடுத்துட்டேன்!

கொசுறு: நம்ம ஊர்ல 'தண்ணியில்லாக் காடு'ன்னு சொல்ற மாதிரி, ரொம்பத் தொலைவான இடத்துக்கு தென் அமெரிக்காவில் ஒரு பேர் உண்டு... 'பிசாசு தன் போன்ச்சோவைத் தொலைச்ச இடம்'!