விறகுக் கணப்புக்கு ஏற்ற வெப்பமானி

நார்வே, கனடா, அமெரிக்காவின் வெர்மான்ட், மெய்ன் போன்ற குளிர்ப் பகுதிகளில் வீட்டைச் சூடாக்கும் விறகுக் கணப்பு என்பது எல்லாப் பக்கமும் மூடிய இரும்புப் பெட்டி. வார்ப்பிரும்பாலோ எஃகுத் தகட்டாலோ செய்யப்பட்டிருக்கும். புகை ஒரு குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போகும். காற்று நுழையும் வழியைத் திறந்தும் அடைத்தும்தான் நெருப்பைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். எப்போது அடைப்பது, எப்போது திறப்பது என்பதைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்க முடியாது. அதற்காகவே வெப்பமானி.

சூடு குறைந்தால் வரும் கேடு கண்ணுக்குத் தெரியாதது. அரைகுறையாக எரியும் விறகின் புகையில் தார் ஆவியும் நீராவியும் கலந்திருக்கும். புகைக்குழாயின் உட்சுவர் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறிவிட்டால் இந்த ஆவிகள் அங்கேயே படிந்து கிரியோசோட் என்ற கரிப்பிசினாகின்றன. அது இறுகிப் பளபளப்பான ஓடாகிவிட்டால் சுரண்டி எடுப்பது கடினம். பின்னொரு நாள் நெருப்பு மிகுந்து அது பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டும். சூடு கூடினால் வரும் கேடு உடனே தெரியும்: வார்ப்பிரும்பு விரிசல் விடும், எஃகுத் தகடு கோணும், மூட்டுகள் பிளக்கும். திடப்பொருள்கள் 525 டிகிரியை ஒட்டி இருட்டில் மங்கலாகச் சிவக்கத் தொடங்குகின்றன என்று ஜான் வில்லியம் டிரேப்பர் 1847-இல் கண்டறிந்தார். கணப்பின் உடலே சிவந்து தெரிந்தால் அதன்பின் மானி தேவையில்லை, காற்றை அடைப்பதுதான் வேலை.

எந்த மானி துல்லியமானது என்று கேட்பதற்கு முன் எந்த வெப்பத்தை அளக்கப் போகிறோம் என்பது தெளிவாக வேண்டும். கணப்பின் மேல்தட்டு, புகைக்குழாயின் வெளித்தோல், குழாய்க்குள் ஓடும் புகை ஆகிய மூன்றும் மூன்று வேறு எண்கள். ஒற்றைச் சுவர்க் குழாயில் உள்ளிருக்கும் புகையின் வெப்பம், வெளித்தோலில் காட்டும் அளவைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை இருக்கும். வெளியே 200 என்று ஒரு மானியும் உள்ளே 380 என்று இன்னொன்றும் ஒரே நேரத்தில் காட்டினால் இரண்டுமே சரியாக இருக்கலாம். வட்ட முகப்பில் அச்சிட்ட மஞ்சள், சிவப்பு வண்ணப் பட்டைகள் ஏதோ ஓர் இடத்துக்காகக் கணக்கிடப்பட்டவை. குழாய்த் தோலுக்கான மானியை மேல்தட்டில் வைத்தால் அங்கே இயல்பான 300 டிகிரியும் அபாயமாகத் தெரியும். துல்லியக் குறை என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இந்த இடக்குழப்பம்தான்.

விலை குறைந்ததும் பரவலானதும் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வட்ட மானி. உள்ளே இருப்பது ஈருலோகப் பட்டைச் சுருள். பித்தளை எஃகைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம் விரிவதால், இரண்டையும் சேர்த்த பட்டை சூட்டில் வளையும். 18-ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் தம் கடற்பயணக் கடிகாரத்தில் வெப்ப மாற்றத்தைச் சரிக்கட்டப் பயன்படுத்திய அதே தத்துவம். மின்கலம் வேண்டாம், எளிதில் கெடாது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் இரும்பைத் தொட்டு மறுபக்கம் அறைக்காற்றில் இருப்பதால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும் போக்கு இதற்கு உண்டு. நெருப்பு எழும்பிச் சில நிமிடங்கள் கழித்தே முள் நகரும். மாக்கல் கணப்பிலும் காந்தம் ஒட்டாத துருவேறா எஃகுக் குழாயிலும் இது நிற்காது. இரட்டைச் சுவர்க் குழாயில் நின்றாலும் பயனில்லை, ஏனெனில் வெளிச்சுவர் எப்போதும் உள்ளதைவிட மிகவும் ஆறியே இருக்கும்.

இரட்டைச் சுவருக்கு ஏற்றது, துளையிட்டுச் செருகும் கம்பி மானி. கணப்புக்கு மேலே சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்தில் பொருத்துவது வழக்கம். புகையையே நேராகத் தொடுவதால் விரைவாகக் காட்டும். கம்பியில் கரி படியப் படிய வேகம் குறையும் என்பதால் அவ்வப்போது துடைக்க வேண்டும். புகையையும் எரிக்கும் வினையூக்கி பொருத்திய கணப்பில் கம்பி மானி ஏறக்குறைய கட்டாயம். வினையூக்கி வேலை செய்யத் தொடங்க சுமார் 260 டிகிரி வேண்டும், அதற்கு முன் புகையை அதன் வழியே திருப்பினால் வீண்.

எண்ணளவில் மிகத் துல்லியமானது வெப்ப மின்னிரட்டை. இரு வேறு உலோகக் கம்பிகளின் சந்திப்பைச் சூடாக்கினால் மின் விளைவு தோன்றும் என்பதை 1821-இல் தாமஸ் சீபெக் கண்டார். கணப்புக்கு உகந்த ‘கே’ வகையில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் கிடைக்கும். வழக்கமான தரத்தில் பிழை 2.2 டிகிரி அல்லது அளவில் 0.75 விழுக்காடு, இவற்றில் எது கூடுதலோ அது. அடுத்த அறையில் எண்ணைக் காட்டவும், எல்லை மீறினால் மணி ஒலிக்கவும் செய்யலாம். வாங்கும்போது கம்பியின் உறையைப் பார்க்க வேண்டும். டெஃப்லான் உறை 260 டிகிரிக்கு மேல் தாங்காது, கண்ணாடி இழை உறை தாங்கும்.

அகச்சிவப்புத் துப்பாக்கி மானி நவீனமாகத் தெரிந்தாலும் எளிதில் ஏமாற்றும். பெரும்பாலானவை 0.95 உமிழ்திறனுக்கு, அதாவது வெப்பக் கதிரை நன்றாக வெளிவிடும் பரப்புக்கு, அமைக்கப்பட்டவை. மங்கலான கருப்பு வண்ணம் பூசிய இரும்புக்கு அது சரி. பளபளக்கும் குழாயில் பிடித்தால் உண்மையைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டும். கண்ணாடிக் கதவு வழியாக நெருப்பை அளக்க முயன்றால் கண்ணாடியின் வெப்பமே கிடைக்கும். நிலையான மானியாக அல்ல, மற்ற மானிகளைச் சரிபார்க்கவே இது நல்ல கருவி.

எதை வாங்கினாலும் சோதிக்காமல் நம்பக் கூடாது. கம்பி மானியையும் மின்னிரட்டையையும் கொதிக்கும் நீரில் பிடித்தால் கடல்மட்டத்தில் 100 டிகிரி காட்ட வேண்டும். உயரம் ஏற ஏற, 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். இது அளவுகோலின் கீழ்முனையை மட்டுமே சோதிக்கும். வட்ட மானியை மின்சார ஓவனில் 200 டிகிரியில் மின்னிரட்டைக்கு அருகே வைத்து ஒப்பிடலாம். ஆனால் ஓவனுக்குள் மானியின் எல்லாப் பக்கமும் சமமாகச் சூடாகும், கணப்பின் மேல் அப்படியில்லை. எனவே ஓவனில் தேறிய மானியும் கணப்பில் குறைத்துக் காட்டலாம். அதே இடத்தில் மின்னிரட்டையை அழுத்தி வைத்து, நெருப்பு சீராக எரியும்போது இன்னொரு முறை ஒப்பிட்டால்தான் உண்மையான பிழை தெரியும். எப்போதும் 20 டிகிரி குறைத்துக் காட்டும் மானியைக் கூட்டிக் கணக்கிட்டுப் பயன்படுத்தலாம். ஒரே சூட்டில் ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டுவதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். அதிக சூட்டுக்கு ஆளான சுருள் நிரந்தரமாக உருமாறக்கூடும் என்பதால், ஆண்டுதோறும் குளிர்காலத்துக்கு முன் புகைபோக்கியைத் துப்புரவு செய்யும்போது இந்தச் சோதனையையும் சேர்த்துச் செய்வது நல்லது.