காலி டம்ளரில் சூடான காபி

இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுமில்லாத டம்ளரை நீட்டி, "காபிம்மா, சூடு, ஊதிக் குடி" என்கிறது. டம்ளர் காலி என்பது அதற்குத் தெரியும். அதில் காபி இருப்பதாக வைத்துக்கொண்டோம் என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொண்டு குழம்பாமல் இருக்கிறதே, அதுதான் அதிசயம்.

உளவியலாளர் ஆலன் லெஸ்லி 1994-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதை அழகாகக் காட்டுகிறது. இரண்டு காலிக் கோப்பைகளிலும் தண்ணீர் ஊற்றுவதுபோல் பாவனை செய்கிறார்கள். பிறகு ஒன்றைக் கவிழ்த்து, உதறி, பழையபடி நிமிர்த்தி வைக்கிறார்கள். "எது காலி?" என்று கேட்டால், கவிழ்த்த கோப்பையைத்தான் இரண்டு வயதுப் பிள்ளைகள் காட்டுகிறார்கள். உண்மையில் இரண்டுமே காலி!

இது விளையாட்டு என்று பேச்சே சரியாக வராத குழந்தைக்கு எப்படிப் பிடிபடுகிறது? அதற்குப் பதில் அம்மாவின் முகத்தில் இருக்கிறது. ஆஞ்சலின் லில்லார்டும் டேவிட் விதரிங்டனும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை வயதுக் குழந்தைகளின் தாய்மார்கள் ஒருமுறை நிஜமாகத் தின்பண்டம் தின்றார்கள், ஒருமுறை தின்பதாகப் பாவனை செய்தார்கள். பாவனையின்போது அதிகம் சிரித்தார்கள், குழந்தையைக் கூடுதல் நேரம் பார்த்தார்கள், உறிஞ்சும் சத்தம், மெல்லும் சத்தம் எல்லாம் எழுப்பினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

ஆனால் விளையாட இடம் வேண்டுமே. மதுரை காளவாசலில் பைபாஸ் ரோட்டை ஒட்டிய அடுக்குமாடி வீடுகளில் முற்றம் ஏது, மண் ஏது? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுக்க, மணலில் கட்டிய சிற்றிலைச் சிதைக்காதே என்று கண்ணனிடம் கெஞ்சுகிறாள். அந்த மணலின் இடத்தில் இன்று மிஞ்சியிருப்பது அடுப்படித் தரைதான். அதையாவது பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆனால், சொப்புச் சாமான் வாங்கிக் கொடுத்தால் அறிவு கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதே லில்லார்ட் குழுவினர் 2013-இல் பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள்; பாவனை விளையாட்டு புத்திக்கூர்மையையோ படைப்புத்திறனையோ வளர்க்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. 2018-இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. மூன்று முதல் ஆறு வயதுவரையான 100 அமெரிக்கக் குழந்தைகளில் பெரும்பாலோர் பொய்யாகச் செய்வதைவிட நிஜமாகச் செய்வதையே விரும்பினார்கள். நான்கு வயதில் அந்த விருப்பம் இன்னும் கூடிவிடுகிறது.

ஆகவே இரண்டையும் கலந்து கொடுக்கலாம். நீங்கள் சாம்பாருக்கு அரியும்போது, பிள்ளை முருங்கைக்கீரையை நிஜமாகவே உருவட்டும், சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையைப் பிசையட்டும். உருவிய காம்பில் சொப்புச் சட்டியில் தனிக்குழம்பு வைக்கட்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை கையில் நிலக்கடலை, பட்டாணி, பருப்பு வேண்டாம். மூக்கிலோ மூச்சுக்குழாயிலோ போய்விடலாம். எரியும் அடுப்புக்கு எட்டத்தில் தரையில் இடம் போட்டுக் கொடுங்கள்.

பெரிய பிள்ளை என்றால் பரோட்டாக் கடை வைக்கலாம். பழைய துணியை மடித்தால் பரோட்டா, தண்ணீர்தான் சால்னா. "தம்பி, ரெண்டு பரோட்டா, சால்னா தனியா" என்று உட்காருங்கள். ஒரு பரோட்டா ஆயிரம் ரூபாய் என்று முதலாளி சொன்னால் விலையைத் திருத்தாதீர்கள். கடன் சொல்லலாமா என்று கேளுங்கள்.