படகு விளக்கு ஏன் மங்குகிறது?

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையில் நாட்பட்ட ஜரிகை கறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் ஜரிகையின் வெள்ளியோடு கூடி, வெள்ளி சல்பைடு என்னும் கரிய படலமாகின்றன. சேலைக்கு அழகுதான் குறைகிறது. மோட்டார்ப் படகின் செப்புக் கம்பி இப்படிக் கெட்டாலோ உயிருக்கே ஆபத்து.

2019-ஆம் ஆண்டுவரை காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து, இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த முட்டுக்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை உள்ளது. அத்தகைய உப்பங்கழிகளில் ஓடும் படகுகளை உப்பு ஈரம் எப்போதும் சூழ்ந்திருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு, காற்றிலுள்ள ஆக்சிஜன், ஈரம் மூன்றும் சேர்ந்து செம்பில் பச்சைக் களிம்பை உண்டாக்குகின்றன. படகுக் கம்பி பல மெல்லிய இழைகளால் ஆனது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, இழைகளின் இடைவெளி உப்புநீரை உள்ளிழுக்கிறது. மேலுறை புதிதுபோல் இருக்கும். உள்ளே செம்பு கறுத்திருக்கும்.

சிறு கணக்கு

களிம்பேறிய ஓர் இணைப்பின் மின்தடை அரை ஓம் என்று கொள்வோம். அதில் 5 ஆம்பியர் மின்னோட்டம் சென்றால் 2.5 வோல்ட் அங்கேயே வீணாகும். வீட்டின் 230 வோல்ட்டில் இது நூற்றில் ஒரு பங்குதான். படகின் 12 வோல்ட்டிலோ ஐந்தில் ஒரு பங்கு! விளக்கு மங்காமல் என்ன செய்யும்? வீணான ஆற்றல் 12.5 வாட் வெப்பமாக அச்சிறு இணைப்பிலேயே வெளிப்படுகிறது. ரேடியோ பழுதுபார்ப்பவரின் 25 வாட் சூட்டுக்கோலில் இது பாதி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தேங்கும். தளர்ந்த இணைப்பில் ஒரு பொறி பறந்தால் போதும்.

விளக்கு அணைந்தாலும் ஆபத்துதான். இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை என்ற விளக்குகளைக் கொண்டே இருளில் ஒரு படகு செல்லும் திசையை மற்றொன்று அறிகிறது.

பழுது பார்க்கும் முறை

முதலில் விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் இணைப்பின் இருபுறமும் வையுங்கள். நல்ல இணைப்பு ஏறக்குறைய சுழியைக் காட்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் குற்றவாளி அதுவே.

பிறகு எஞ்சின் பெட்டியைத் திறந்து நன்கு காற்றாட விட்டு, பாட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். கெட்ட கம்பியைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டுங்கள். வெட்ட வெட்டக் கறுப்பாகவே இருந்தால், முழுக் கம்பியையும் மாற்ற வேண்டும். புதிய கம்பி வெள்ளீயம் பூசியதாக இருக்கட்டும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் இதே தத்துவந்தான். முறுக்கி டேப் சுற்றாதீர்கள். அதிர்வில் தளரும், ஈரமும் புகும். அதற்குரிய இடுக்கியால் லக்கை அழுத்திப் பொருத்தி, சூட்டில் சுருங்கும் உறையால் மூடுங்கள். பியூஸ் பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பியூஸுக்கு முன்னுள்ள கம்பிக்குப் பாதுகாப்பே இல்லை!

ஓரப்பட்டையையும் கவனியுங்கள்

படகின் விளிம்பில் அடித்த மர, அலுமினிய ஓரப்பட்டைகள் அழகுக்கு மட்டும் உள்ளவை அல்ல. அவற்றின் தளர்ந்த திருகுத் துளைகள் வழியே நீர் கசிந்து கம்பியை அடைகிறது. அலுமினியத்தில் பித்தளைத் திருகு போட்டால், உப்புநீரில் இரண்டும் சேர்ந்து சிறு மின்கலமாகி அலுமினியம் அரிக்கப்படும். எவர்சில்வர் திருகையே போட்டாலும், நீர்புகாத பசையைத் துளையில் நிரப்பிய பின்பே முடுக்குங்கள். மரப்பட்டையானால் முற்றும் உலர்ந்த பிறகே பொருத்த வேண்டும். கம்பி வேலையை முதலிலும் பட்டை வேலையைக் கடைசியிலும் வைத்துக்கொண்டால், இருமுறை கழற்ற நேராது.

ஆகவே, படகில் விளக்கு மங்கினால் உடனே பல்பை மாற்றாதீர்கள். இணைப்பைச் சோதியுங்கள், அதற்கு நீர் வந்த வழியையும் தேடி அடையுங்கள்.