இரவைச் சேமிக்கும் மாளிகை

சித்திரை மாதத்து இரவில், சூரியன் மறைந்து நாலைந்து நாழிகை கழிந்த பின்னர், சற்றே காற்று வாங்கலாம் என்று மொட்டை மாடிக்குச் சென்று பாயை விரித்துப் படுக்கிறவர், பௌதிக சாஸ்திரத்தின் முக்கியமான பாடம் ஒன்றைத் தம் முதுகினாலேயே கற்றுக்கொள்கிறார். வானத்தில் வெயில் இல்லை. தளத்தில் மட்டும் அது இன்னும் போகாமல் தங்கியிருக்கிறது. பகலெல்லாம் மெல்ல மெல்ல உஷ்ணத்தை உள்வாங்கிப் பத்திரப்படுத்திய ஓடும், சுண்ணாம்புக் காரையும், கான்கிரீட்டும், நாம் களைத்துப் படுக்கும் நேரம் பார்த்து அதைத் திருப்பித் தரத் தொடங்குகின்றன. இந்தக் கொடுக்கல் வாங்கலை அப்படியே தலைகீழாக மாற்றி, இரவின் குளிர்ச்சியைச் சுவரிலும் தளத்திலும் சேமித்து வைத்துக்கொண்டு, பகலில் தேவையறிந்து செலவிட முடியுமானால் எவ்வளவு நன்றாயிருக்கும்! ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டின் தலைநகரமாகிய ஹராரேயில், 1996-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ஈஸ்ட்கேட் என்னும் வர்த்தக மாளிகை இந்தக் காரியத்தைத்தான் செய்துவருகிறது.

அதன் யுக்தியை அறிந்துகொள்வதற்கு முன்னால், குடியிருக்கும் வீட்டுக்கும் காரியாலயக் கட்டிடத்துக்கும் உள்ள ஒரு வேற்றுமையை மனத்திற் கொள்ளவேண்டும். வீட்டுக்கு உஷ்ணம் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவது. காரியாலயத்திலோ அது உள்ளேயே உற்பத்தியாகிறது. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனுடைய உடம்பு, ஏறக்குறைய 100 வாட் விளக்கொன்று வெளியிடும் அளவுக்கு ஓயாமல் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. ஒரே மாடியில் நூறு குமாஸ்தாக்கள் வேலை செய்கிறார்கள் என்றால், நூறு விளக்குகளைப் பட்டப்பகலில் ஏற்றி வைத்திருப்பதற்கு அது சமானம். அதன்மேல் மெய்யான விளக்குகள் வேறு, கம்ப்யூட்டர்கள் வேறு. இவை போதாவென்று, நாகரிகத்தின் சின்னமாக நாற்புறமும் கண்ணாடிச் சுவரையும் எழுப்பிவிட்டால், ஒளியாய் உள்ளே நுழைந்த வெயில் வெப்பமாய் மாறி, வந்த வழியே வெளியேற மாட்டாமல் தங்கிவிடுகிறது. இப்படி நாமே வரவழைத்துக்கொண்ட உஷ்ணத்தை, மின்சாரத்தைச் செலவழித்து மீண்டும் தெருவில் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் குளிர்சாதன யந்திரத்தின் வேலை.

ஈஸ்ட்கேட்டைக் கட்ட முன்வந்த ஓல்டு மியூச்சுவல் என்னும் இன்ஷூரன்ஸ் நிறுவனம், இந்த வீண் செலவு வேண்டாமென்று நினைத்தது. பெரிய குளிர்சாதன யந்திரங்களையும் அவற்றின் உதிரிப் பாகங்களையும் அந்நியச் செலாவணி கொடுத்து வெளிதேசத்திலிருந்து தருவிக்கவேண்டிய நாட்டில், அவை பழுதுபட்டு நிற்கும் நாளெல்லாம் கட்டிடமும் பயனற்று நிற்கும் அன்றோ? ஆகவே, வழக்கமான குளிர்சாதனம் இல்லாமலே வசதியாக இருக்கக்கூடிய மாளிகையொன்றை நிர்மாணிக்கும் பொறுப்பு, அந்த ஊரிலேயே 1938-ஆம் ஆண்டில் பிறந்தவரான மிக் பியர்ஸ் என்னும் கட்டிடக் கலைஞரிடமும், ஆருப் என்னும் புகழ்பெற்ற பொறியியல் நிறுவனத்தாரிடமும் ஒப்படைக்கப்பட்டது.

பியர்ஸின் சிந்தனை அந்த நாட்டுக் காடுகளில் ஆளுயரத்துக்கும் மேலாக எழுந்து நிற்கும் கறையான் புற்றுகளின்மேல் சென்றது. புற்றென்றால் நமக்கு நினைவுக்கு வருவது, கறையான் எடுத்த புற்றில் குடிபுகும் பாம்புதான். ஆனால் பாம்பை விலக்கிவிட்டு, புற்றெடுத்தவனைக் கவனித்தால் அவன் பெரிய விவசாயி என்பது தெரியவரும். அங்குள்ள ஒரு ஜாதிக் கறையான்கள், தாம் கொண்டுவரும் புல்லையும் சருகையும் மரத்துகளையும் நிலத்தடியில் எருவாக அடுக்கி, அதன்மேல் ஒருவகைக் காளானைப் பயிரிட்டு வளர்த்து அதையே ஆகாரமாகக் கொள்கின்றன. லட்சக்கணக்கான உயிர்களும் அவற்றின் தோட்டமும் சேர்ந்து மூச்சுவிடுகிற அந்த இடத்தில் வெப்பம் மிகுவதும் காற்று கெடுவதும் இயல்பு. இருந்தும் அந்தச் சமூகம் செழித்து வாழ்கிறது. இதற்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்த மார்ட்டின் லூஷர் என்னும் ஸ்விட்ஸர்லாந்து விஞ்ஞானி, 1961-ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் தந்தார். கூட்டில் சூடேறிய காற்று இலேசாகி மேலே எழும்பி, புற்றின் மேற்புறச் சுவர்களை ஒட்டிய நுண்ணிய வழிகளில் இறங்கும்போது ஆறி, கெட்ட வாயுவை வெளியே விட்டு நல்ல வாயுவை ஏற்று, மறுபடியும் அடியில் வந்து சேர்கிறது என்பது அவருடைய கருத்து. சுருங்கச் சொன்னால், கூட்டின் சூடே காற்றைச் சுழற்றுகிறது.

இந்தக் கருத்தைச் செங்கல்லிலும் கான்கிரீட்டிலும் எழுதிய மாதிரி அமைந்தது ஈஸ்ட்கேட். ஒன்பது மாடி கொண்ட இரண்டு நீண்ட கட்டிடங்கள் எதிரெதிரே நிற்கின்றன. இடையிலுள்ள வெளி, கண்ணாடிக் கூரை வேய்ந்த நிழல் வீதியாக, இரு பக்கமும் காற்றோட்டத்துக்குத் திறந்தபடி கிடக்கிறது. கீழ்த்தளத்தில் கடைகள், மேல்மாடிகளில் காரியாலயங்கள். வெளிச் சுவர்களில் ஜன்னல்களுக்கு விட்டிருக்கும் இடம் காற்பங்குக்கு மேல் இல்லை. அந்த ஜன்னல்களின்மேலும் நேர்வெயில் படாதபடி கான்கிரீட் தாழ்வாரங்கள் புருவம்போல் நீண்டிருக்கின்றன. உள்ளே வராத வெப்பத்தை வெளியே தள்ளவேண்டிய பிரயாசை இல்லை என்பது இந்த மாளிகையின் முதற் சிக்கனம்.

ஒரு கவளம் காற்றைத் தொடர்ந்து நாமும் அந்த மாளிகைக்குள் பிரயாணம் செய்வோமானால், மற்றச் சிக்கனங்கள் தாமே புலப்படும். நிழல் வீதியிலுள்ள காற்றை, கீழ்மாடியில் வரிசையாக அமைத்த மின்விசிறிகள் இழுத்து, தூசி வடிகட்டி, கட்டிடத்தின் நடுமுதுகில் முள்ளந்தண்டைப்போல் நிமிர்ந்து செல்லும் குழாய் வழிகளில் மேலே செலுத்துகின்றன. அங்கிருந்து ஒவ்வொரு மாடியிலும் அது நேரே அறைக்குள் வந்துவிடுவதில்லை. நாம் நடக்கும் தரைக்கு அடியில், பொள்ளலாக விடப்பட்டிருக்கும் இடைவெளிக்குள் நுழைகிறது. அந்த இடைவெளியில் வரிவரியாகப் பற்களைப்போலக் கான்கிரீட் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. காற்று அவற்றின்மேல் மோதி, தடவி, திரும்பி, தன்னிடமுள்ள வெப்பத்தைக் கொடுத்தோ அவற்றினிடமிருந்து வாங்கியோ, பிறகுதான் ஜன்னலடியிலுள்ள சல்லடை வாய்களின் வழியே மெல்லென அறைக்குள் பரவுகிறது. அங்கே மனிதர்களும் விளக்குகளும் அதைச் சூடாக்க, அது சுபாவப்படியே மேலெழும்பி, வில்போல் வளைந்த விதானத்தைச் சேர்ந்து, அங்குள்ள துவாரங்களில் புகுந்து, தனியான குழாய்களின் மூலமாகக் கூரைக்கு ஏறி, வரிசையாய் நிற்கும் 48 செங்கற் புகைபோக்கிகளின் வழியே வானத்தில் கலந்துவிடுகிறது.

கான்கிரீட்டுக்குப் பல் எதற்கு என்று கேட்கலாம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் உஷ்ணம் ஒரே ஒரு டிகிரி ஏறுவதற்கு வேண்டிய வெப்பம், அதே அளவுள்ள காற்றின் உஷ்ணம் ஒரு டிகிரி ஏற வேண்டிய வெப்பத்தைப்போல் 1,500 மடங்குக்கும் அதிகம். எனவே கான்கிரீட் ஒரு பெரிய களஞ்சியம். காற்றோ சிறு கூடை. களஞ்சியம் எவ்வளவு பெரிதாயிருந்தாலும் வாசல் குறுகியிருந்தால் நெல்லைச் சீக்கிரம் கொட்டவும் அள்ளவும் முடியாது. பற்கள் அந்த வாசலை அகலமாக்குகின்றன. காற்றும் கான்கிரீட்டும் ஒன்றையொன்று தொடும் பரப்பை மிகுவிப்பதே அவற்றின் தொழில்.

இப்பொழுது இரவு நேரத்துக்கு வருவோம். ஹராரே கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,490 மீட்டர் உயரத்தில் இருக்கிற நகரம். உயரத்தினாலும், வறட்சிக் காலத்தில் மேகமற்ற வானத்தினாலும், அங்கே பகலுக்கும் இரவுக்கும் இடையே உஷ்ணம் 10 டிகிரி செல்சியஸுக்கும் மேலாக வேறுபடுவது சாதாரணம். பகலில் விசிறிகள் மந்தமாகச் சுழன்று, மணிக்கு இரண்டு தடவை அறைக் காற்றைப் புதுப்பிக்கின்றன. சுவாசிக்க அது போதும். காரியாலயங்கள் மூடப்பட்டு, ஊழியர்கள் வீடு திரும்பி, வெளிக்காற்று குளிரத் தொடங்கியதும், பெரிய விசிறிகள் வேகமெடுத்து மணிக்குப் பத்துத் தடவை காற்றை மாற்றுகின்றன. ஆளில்லாத அறைகளுக்கு அவ்வளவு காற்று எதற்கு என்றால், அது ஆட்களுக்கு அன்று; தளத்துக்கும் சுவருக்கும். பகலெல்லாம் அவை வாங்கி வைத்த வெப்பத்தை இராக் காற்று கழுவிக்கொண்டு போகிறது. பொழுது விடியும்போது கான்கிரீட் குளிர்ந்து, மறுநாளைய உஷ்ணத்தை ஏற்க வெறும் களஞ்சியமாய்க் காத்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் பலன் கணக்கிலும் தெரிந்தது. குளிர்சாதன யந்திரங்களை அடியோடு தவிர்த்ததால், கட்டும்போதே சுமார் 35 லட்சம் டாலர் மிச்சமாயிற்று. ஹராரேயில் முழுக் குளிர்சாதனம் பெற்ற ஆறு கட்டிடங்களின் சராசரியோடு ஒப்பிட்டபோது, ஈஸ்ட்கேட் செலவிட்ட மொத்தச் சக்தி 35 சதவீதம் குறைவாயிருந்தது. யந்திரச் செலவு குறைந்ததால் வாடகையையும் சுற்றுப்புறத்துப் புதிய கட்டிடங்களைவிட 20 சதவீதம் குறைத்து வாங்க முடிந்தது.

இந்தக் கதையில் ஒரு திருப்பமும் உண்டு. ஸ்காட் டர்னர் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞரும் ரூபர்ட் சோர் என்னும் ஆங்கிலப் பொறியியல் அறிஞரும், நமீபியா நாட்டுப் புற்றுகளில் அளவெடுத்தும் காற்றின் போக்கைத் தொடர்ந்தும் செய்த ஆராய்ச்சியின் முடிவுகளை 2008-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தபோது, லூஷர் சொன்ன காற்றுச் சுழற்சி அங்கே நடைபெறவில்லை என்று காட்டினார்கள். புற்று குளிர்சாதனம் அன்று. வெளியில் வீசும் காற்றின் ஏற்ற இறக்கத்தைப் பயன்படுத்தி வாயுக்களைப் பரிமாறிக்கொள்ளும் நுரையீரல் போன்றது என்பது அவர்கள் முடிவு. கூடு நிலத்தடியில் இருப்பதால், அதன் உஷ்ணம் சுற்றியுள்ள மண்ணின் உஷ்ணத்தை ஒட்டியே, பருவத்துக்குப் பருவம் மெதுவாக மாறிவருகிறதாம்.

அப்படியானால் பியர்ஸ் தவறான குருவிடம் பாடம் கேட்டாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பகலின் வெம்மையும் இரவின் தண்மையும் கூட்டைச் சட்டென்று தாக்காமல் காப்பது, காற்றின் சுழற்சி அன்று. சூழ்ந்து நிற்கும் மண்ணின் பருமன். ஈஸ்ட்கேட்டிலும் உண்மையில் உழைப்பது புகைபோக்கி மட்டுமன்று. அதைவிட முக்கியமாக, மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுகிற செங்கல்லும் கான்கிரீட்டுமே. அவர் வாய்பாட்டைப் பிழையாகப் படித்தார். விடையைச் சரியாக எழுதினார். அதற்குக் காரணம், கறையானை மட்டும் பார்க்காமல் அந்த ஊரின் வானத்தையும், இரவின் குளிர்ச்சியையும் நன்கு பார்த்திருந்தார் என்பதுதான்.

ஊரைப் பார்க்காமல் கட்டிடத்தை மட்டும் பார்த்து நகல் எடுப்பவர்களுக்கு இது எச்சரிக்கை. இரவிலும் புழுக்கம் விடாத சென்னையில் அதே 48 புகைபோக்கிகளை நட்டால், சேமிப்பதற்குக் குளிர்ச்சி கிடைக்காமல் களஞ்சியம் வெறுமனே இருக்கும்; ஈரத்தை நீக்குவதற்கு வேறு வழியும் தேடவேண்டியிருக்கும். பியர்ஸே ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகர சபையாருடன் சேர்ந்து, 2006-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அவர்களுடைய புதிய காரியாலயத்தை அமைத்தபோது, ஹராரேயை அப்படியே பெயர்த்துக்கொண்டு போகவில்லை. இரவுக் காற்றைத் தளத்தில் சேமிக்கும் தத்துவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இரவில் தாமே திறந்து மூடும் ஜன்னல்களையும், மேற்கு வெயிலுக்குத் தக்கபடி திரும்பும் மரப் பலகைத் திரைகளையும் அவ்விடத்துக்கு ஏற்பச் சேர்த்தார்.

நம் மொட்டை மாடியும் ஈஸ்ட்கேட்டின் தளமும் ஒரே சுபாவமுள்ள பொருளால் ஆனவை; இரண்டும் வாங்கியதை வைத்திருந்து தாமதமாகத் திருப்பித் தருகின்றன. எதை வாங்கச் செய்வது, எப்பொழுது வாங்கச் செய்வது என்று யோசித்ததில்தான் வித்தியாசம். நம் மாடியைப் பகலில் வெயிலுக்குத் திறந்து வைக்கிறோம். நடு இரவில் அது அதைத் திருப்பித் தருகிறது. ஹராரேயிலோ, ஊர் உறங்குகையில் ஆளற்ற மாடிகளின் அடியில் காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் வந்து நாற்காலியில் அமர்கிற குமாஸ்தாவின் காலடியில், அவர் விழித்துப் பார்த்திராத முந்தைய இரவு குளிர்ச்சியாய்க் காத்திருக்கிறது.